எல்லைக்கல்லுக்கு அப்பால் ஒரு வானம்பாடி

தஞ்சம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவர், தமக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு எழுத்துமூல அனுமதியின்றி வெளியேறக் கூடாது. தொண்ணூறுகளில் ஜெர்மனியில் இருந்த இந்த விதியை முழுமனதோடு நம்பிய ஒரே மனிதர் குடையர்தான். அதை எழுதியவர்களே அவ்வளவு நம்பியிருக்க மாட்டார்கள்.

அகதிகள் விடுதியில் மற்றவர்கள் சனிக்கிழமைதோறும் ஹம்பேர்க் போய் முருங்கைக்காயும் கருவாடும் வாங்கி வந்தார்கள். குடையர் அசையமாட்டார். "ஒருக்காப் பிடிபட்டால் கேஸ் பழுதாப் போகும். பிறகு மன்னாரிலை இருக்கிற மனிசி பிள்ளையளை ஆர் கூப்பிடுறது?" என்பார். கையில் எந்நேரமும் கறுப்புக் குடை. பூசைக்கும் குடை, குளியலறைக்கும் குடை.

வேலை செய்யவும் அவருக்கு அனுமதி இல்லை. சம்பளமில்லாத வேலைக்குத் தடையில்லை என்று நான்தான் சொல்லித் தொலைத்தேன். அப்போது நான் அலுவலகங்களில் மொழிபெயர்ப்பாளன். எந்தப் படிவத்துக்கும் பின்பக்கம்வரை விளக்கம் சொல்வேன். ஞாயிறுகளில், ஹைடே என்று அவர்கள் அழைக்கும் பற்றைவெளியில் கூடு கட்டும் பறவைகளைக் கணக்கெடுக்கும் தொண்டர்களோடு போய்வருவேன். ஜெர்மானியரிடம் கொஞ்சம் மரியாதை கிடைக்கும் என்ற நப்பாசை.

அந்த நப்பாசையைக் குடையர் எங்களோடு வந்த முதல் நாளே முடித்துவைத்தார். விடியற்காலை. எல்லோரும் மூச்சடக்கி நிற்க, வானம்பாடி ஒன்று பாடத் தொடங்கியது. படாரென்று குடையை விரித்தார். பற்றைவெளியே எழுந்து பறந்தது.

"என்ன அண்ணை இது!"

"பனி கொட்டுது தம்பி."

எங்கள் பகுதியின் நடுவே ஒரு மணல்பாதை, அதில் ஒரு எல்லைக்கல். அப்பால் அடுத்த மாவட்டம். குழுத்தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. பறவை இந்தப் பக்கம் பாடினால் குடையர் அவரிடம், "ரீச்சர், ஒண்டு!" என்று கத்துவார். அது கல்லைத் தாண்டினால், "ஒண்டு அங்காலை போட்டுது, வெட்டுங்கோ!" இதையும் நான் ஜெர்மனில் சொல்லவேண்டும். தொண்டர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

அந்த வானம்பாடியோ கல்லுக்கு அப்பால் கூடு கட்டியது. அலகில் புழுவோடு அது இறங்கிய பற்றையைக் குடையர்தான் முதலில் கண்டார். "உங்கள் கூடு, வந்து காட்டுங்கள்" என்று ஆசிரியை அவர் கையைப் பிடித்து அழைத்தார். குடையர் கல்லருகே ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டார். நான் விதியைச் சுத்தமான ஜெர்மனில், பிரிவு எண்ணோடு ஒப்பித்தேன்.

ஆசிரியையின் முகம் சிவந்தது. "இது எங்கள் சட்டமா?" என்றார். அந்த விதி, அலுவலகங்களில் நான் கூசாமல் சொல்லிவந்த வாசகம். அந்த வெளியில் அதைச் சொல்லிவிட்டு நிற்க எனக்குத் தலை நிமிரவில்லை.

"ரீச்சருக்குக் கோவமோ தம்பி?"

"வெட்கப்படுறா, அண்ணை."

"அவ ஏன் வெட்கப்படுறா? கேக்காமல் அங்காலை கட்டினது குருவியெல்லோ! நாங்கள் முறைப்படி அன்ராக் ஒண்டு போடுவம்."

"கூடு பாக்க எண்டு அன்ராக் போட்டால் சிரிப்பாங்கள்."

"சிரிச்சுக்கொண்டு கையெழுத்து வைக்கட்டுமன்."

விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தேன். குஞ்சுகள் பறந்தன. பற்றைவெளி ஊதாவாகப் பூத்து உதிர்ந்தது. வானம்பாடிகள் எவரிடமும் அனுமதி கேட்காமல் தெற்கே போயின. பதில் இல்லை.

கடைசியில் வந்த பதிலில் ஒரே ஒரு நாள் அனுமதி: நத்தார் தினத்துக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு. கடிதத்தோடு என் வாசலில் நின்றார் குடையர்.

"அண்ணை, இப்ப அங்கை குருவியும் இல்லை, கூடும் இல்லை."

"தெரியும். ரீச்சர் கல்லடிக்கு வாறாவாம். நீங்களும் வாங்கோ."

மறுநாள் மூவரும் கொட்டும் பனியில் நடந்தோம். குடையர் புதுமணப்பெண்போல் வலது காலை எடுத்துவைத்துக் கல்லைத் தாண்டினார். வெறும் பற்றையை எங்களுக்குக் காட்டினார். பிறகு குடையை விரித்து, தான் நனைந்தபடி, எங்கள் இருவர் தலைக்கும் மேலாகப் பிடித்துக்கொண்டார்.

ஊருக்கெல்லாம் நத்தார் இருபத்தைந்தாம் திகதி. எனக்கு மட்டும் அந்த வருடத்திலிருந்து, கடிதத்தோடு குடையர் என்னையும் கூப்பிட வந்த இருபத்துநாலாம் திகதி.