மாப்பிள்ளையின் பம்பரும் மேற்படி நபரும்

பூதலூர்,
7-1-89, சனிக்கிழமை

சிரஞ்சீவி மாப்பிள்ளை நாகநாதன் அவர்களுக்கு, மாமியார் பிரகதாம்பாள் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும், பசுவும், தாங்கள் விட்டுச்சென்ற காரும் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தையும் சௌபாக்கியவதி கமலாவின் சௌக்கியத்தையும் அறிய ஆவல். பசுவை முன்னாலும் காரைப் பின்னாலும் எழுதியதற்குக் காரணம் வயது வரிசைதான், வேறொன்றுமில்லை.

தங்கள் அடுக்குமாடி வீட்டில் கார் நிறுத்தும் இடத்துக்குத் தளம் போடுகிறார்கள் என்று காரை இங்கே விட்டுப் போனபோது தாங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "இருபது நாள் இந்தக் காரை ஒரு கீறல் இல்லாமப் பாத்துக்கிட்டீங்கன்னா, தனியா இந்த வீட்டையும் நிலத்தையும் பாத்துக்குவீங்கன்னு நானே ஒத்துக்கிறேன் அத்தை. இல்லேன்னா நிலத்தை வித்துட்டு மெட்ராஸுக்கு வந்துடுங்க" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். நான் சிரிக்கவில்லை. ஆகவே காரின் நிலைமையை ஒளிவுமறைவில்லாமல் தெரிவிப்பது என் கடமை. கார் அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. இடையில் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

தேர்தல் வருகிறதல்லவா, நம் மதில் சுவரைப் பிடிப்பதில் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் போட்டி. முந்திக்கொண்டவர்கள் வெள்ளையடித்து எழுதியும் விட்டார்கள். எனக்கு அரசியல் கிடையாது. எந்தக் கட்சி ஆண்டாலும் வாய்க்காலில் தண்ணீர் தன் இஷ்டத்துக்குத்தான் வருகிறது. ஆனால் எழுத்து கோணல். "வேட்பாளர் பேரு தெற்கால சரியுதே தம்பி" என்றேன். "ஓட்டுப் போடுறவன் ஸ்கேல் வச்சா பாக்கப்போறான் பெரியம்மா" என்றான் எழுதியவன். நானே ஸ்கேல் கொண்டுவந்து கொடுத்தேன், நூலும் பிடித்துக் காட்டினேன், எழுதியது முழுவதையும் அழித்து மறுபடி வெள்ளையடிக்க வைத்தேன். முதல் தடவை நிதானமாக அடித்தவர்கள் இரண்டாம் தடவை கோபமாக அடித்தார்கள். போகும்போது வாளியில் மிச்சமிருந்த சுண்ணாம்பை மதிலுக்கு இந்தப் பக்கம் வீசிவிட்டுப் போனார்கள். இந்தப் பக்கம் தங்கள் கார் இருந்தது. தகரத்தில் பட்டது தண்ணீர் ஊற்றியதும் போய்விட்டது. முன்னாலும் பின்னாலும் கறுப்பாகப் பிளாஸ்டிக்கில் பம்பர் இருக்கிறதே, கதவுகளின் கீழே பட்டைகள் இருக்கின்றனவே, அவற்றில் பட்டது மட்டும் குடியிருக்க வந்ததுபோல் உட்கார்ந்துகொண்டது.

நான் தஞ்சாவூர் கான்வென்டில் படித்தவள். கறை நீக்கும் பாடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டை மதர் பிலோமினா யாருக்கும் கொடுப்பதில்லை. அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மை, தேநீர், துரு, மெழுகு எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. பிளாஸ்டிக்குக்கு இல்லை, அப்போது அது எங்கள் யாரிடமும் இல்லை. சுண்ணாம்புக் கறைக்குப் புளிப்பு என்று இருந்தது. அதில் தவறே இல்லை. புளிக்கரைசலை மெல்லிய துணியில் தொட்டுத் துடை என்று வீட்டு வேலைக்கு வரும் அம்சவல்லியிடம் சொல்லிவிட்டுப் பூஜைக்குப் போனேன். கையில் புளியைக் கொடுத்தால் அம்சவல்லிக்குத் தெரிந்தது ஒன்றுதான். செங்கல் பொடியையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு, பொங்கலுக்கு வெண்கலப் பானை தேய்க்கிற தேய்ப்பு தேய்த்துவிட்டாள். நான் வந்து பார்த்தபோது வெள்ளைப் புள்ளிகள் போயிருந்தன. கறுப்பும் போயிருந்தது. பம்பர் முழுவதும் விபூதி பூசிக்கொண்டு நின்றது. "பித்தளையா இருந்தா இந்நேரம் மூஞ்சி பாத்திருக்கலாம்மா. இது என்ன சாமானோ, தேய்க்கத் தேய்க்க வெளுக்குது" என்று அவள் காரின் மேலேயே குறை சொல்கிறாள்.

அடுத்து, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் தியாகராசன் வந்து கறுப்பு பூட்ஸ் பாலிஷ் போடச் சொன்னார். போட்டோம். தன் யோசனை பலித்ததைப் பார்த்து மகிழ்ந்து அதன் மேலேயே உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி. எழுந்து நேராக ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டார். தாம்பூலம் மாற்றும்போது சபைக்கு முதுகைக் காட்டி முன்வரிசையில் நின்றாராம். இப்போது எங்களுக்குள் பேச்சு இல்லை. பாலிஷும் அவரோடு பாதி போய்விட்டது.

இந்த நிலைமையில்தான் முருகையன் வந்தான். ஆம், அதே முருகையன். வாய்க்கால் கரை நிலத்தை இருபத்திரண்டு வருடமாகக் குத்தகைக்கு உழுபவன்; குத்தகைதாரர் என்று தன் பெயரைப் பதிய வேண்டும் எனத் தாசில்தாரிடம் மனுப் போட்டவன்; அதற்குத் தாங்கள் அமர்த்திய வக்கீல் எழுதி நான் கையெழுத்திட்ட பதிலில், 'மேற்படி நபர் யாரென்றே எனக்குத் தெரியாது' என்று ஒரு வரி வருகிறதே, அந்த மேற்படி நபர். மூன்று வருடமாக நாங்கள் நேரில் பேசுவதில்லை. அம்சவல்லியை நடுவில் நிறுத்திப் பேசுவோம்.

"அம்சவல்லி, வாசல்ல நிக்கிற ஆளுக்கு என்ன வேணும்னு கேளு."

"என்ன வேணும்னு அம்மா கேக்குறாங்க."

"ஒண்ணும் வேணாம். டிராக்டர் ஸ்டியரிங்கு வெயில்ல இப்பிடித்தான் வெளுக்கும். தேங்காயெண்ணெய் தடவச் சொல்லு அம்மாவ."

"எண்ணெய் தடவச் சொல்றாரும்மா."

"எனக்குக் காது கேக்குதுடி."

"அப்ப நான் எதுக்கு நடுவுல? அடுப்புல பால் இருக்கு" என்று அவள் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு நாங்களே பேசவேண்டியதாயிற்று.

அவன் வெந்நீர் கேட்டான். பழைய மல் துணி கேட்டான். புளியையும் பாலிஷையும் கழுவி, நிழலில் காயவிட்டு, எண்ணெய் தொட்டு ஒரு மணி நேரம் தேய்த்தான். கறுப்பு திரும்பி வந்தது. வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "திங்கக்கெழம விசாரணைக்கு எப்பிடிம்மா போவீங்க? பொங்கக் கூட்டம், பஸ்ஸுல நிக்க எடம் இருக்காது" என்று மட்டும் கேட்டான். "நீ எப்படிப் போவ?" என்றேன். "அதே பஸ்ஸுதான்" என்றான். காபி கொடுத்தேன். அவசரத்தில் கைக்கு அகப்பட்டது தங்களுக்கென்று வைத்திருக்கும் வெள்ளி டம்ளர். யாரென்றே தெரியாத ஒருவருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்று கேட்காமலே சரியாகப் போட்டிருக்கிறேன். இது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. பொய்க்கு மதர் பிலோமினா முழங்கால் போடச் சொல்வார். எழுதிக் கையெழுத்துப் போட்ட பொய்க்கு என்ன சொல்லியிருப்பாரோ.

அது கிடக்கட்டும். பம்பர் இப்போது புதிதில் இருந்ததைவிடக் கறுப்பு. சாவி சுவாமி அலமாரியில், தாங்கள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. கார் ஓர் அங்குலம் நகரவில்லை. திங்கட்கிழமை விசாரணையில் வக்கீல் எழுதிக்கொடுத்தபடியே சொல்வேன். வெள்ளிக்கிழமை வந்து காரைப் பார்த்துத் தாங்களே தீர்ப்புச் சொல்லலாம். கமலாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். இருவரும் குறைவில்லாமல், நோய்நொடியில்லாமல் நீடூழி வாழப் பெரியநாயகி துணை இருப்பாள்.

இப்படிக்கு,
பிரகதாம்பாள்

பின்குறிப்பு: சனிக்கிழமைத் தபாலைத் தவறவிட்டதால் திங்கட்கிழமை மாலை இதைச் சேர்க்கிறேன். மேலே கண்டவற்றில் சில திருத்தங்கள். காலையில் இரண்டு பஸ்களில் ஏற முடியவில்லை. காரில் போனோம். முருகையன் ஓட்டினார். டிராக்டர் பழக்கம், மேடுபள்ளத்துக்கெல்லாம் நிறுத்துவதில்லை. நாங்கள் இருவரும் ஒரே காரிலிருந்து இறங்குவதைத் தாசில்தார் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். உள்ளே போனதும், "இவர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். வக்கீல் எனக்குக் கண்ணைக் காட்டினார். "தெரியும். இருபத்திரண்டு வருஷமா என் நிலத்தை உழுறவர். காபிக்கு மூணு கரண்டி சர்க்கரை" என்றேன். சர்க்கரையை விட்டுவிட்டு மற்றதை எழுதிக்கொண்டார்கள். முருகையன் பெயர் பதிவாகிவிடும். குத்தகைதாரர் பதிவான நிலத்தை வாங்க இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று வக்கீல் மிகுந்த வருத்தத்துடன் சொன்னார். ஆகவே விற்றுவிட்டு மெட்ராஸ் வருகிற பேச்சுக்கு, காரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் சிரமம் தங்களுக்கு வேண்டாம். திரும்பும் வழியில் நல்ல மழை. பம்பர் பழையபடி வெளுத்துவிட்டது. கீறல் அல்ல, வெளுப்பு என்பதைக் கவனிக்கவும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தடவ வேண்டுமாம். தேங்காயெண்ணெய் ஒரு பாட்டில் டிக்கியில் வைத்திருக்கிறேன்.