அசைந்தால்தான் எரியும் பள்ளிவாசல் விளக்கு

கும்மிடிப்பூண்டி,
வியாழக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை மொஹசினுக்கு, மாமா கமால் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். துபாயில் உங்கள் உடம்பும் வேலையும் நன்றாயிருக்க துஆ செய்கிறேன். இங்கே என் மகள் மெஹர்னிசாவும் உங்கள் மகள் ஹஸ்னாவும் சுகம். என் நிம்மதிதான் போய்விட்டது. போனில் சொன்னால் மெஹர்னிசா பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் கடிதம்.

எல்லாம் நம் பள்ளிவாசலுக்கு நீங்கள் அனுப்பிய சோலார் விளக்குகளால் வந்தது. கரண்டு பில் மிச்சம், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் ஹவுள் தொட்டிப் பக்கம் இருட்டில் யாரும் தண்ணீரில் விழமாட்டார்கள் என்று மார்தட்டிப் பழைய டியூப்லைட்டுகளைக் கழற்ற வைத்தவன் நான். எலக்ட்ரீஷியன் லோகு உள்ளே ஒன்றும் ஹவுளுக்கு மேலே ஒன்றும் மாட்டிவிட்டுப் போன பிறகுதான் தெரிந்தது, ஆள் அசைந்தால்தான் எரியுமாம். தொழுகையில் யார் அசைவது? தொழவைக்கும் ஹஜ்ரத் ஓத ஆரம்பித்ததும் பொசுக்கென்று அணைகிறது, ருகூவுக்குக் குனிந்தால் பளீரென்று எரிகிறது, நிமிர்ந்து நின்றால் மறுபடி இருட்டு, முன்வரிசையில் ஒருவர் குலுங்கி இருமினார், எரிந்தது, இப்போது ஊருக்கே இருமல். லோகுவைக் கேட்டால், "இன்னா பாய், இதுக்குப் போயி பேஜாரு பண்ணிக்கினு! ஒருத்தர கைய ஆட்டிக்கினே இருக்கச் சொல்லு" என்கிறான். தொழுகையிலா கை ஆட்டுவது? ஜமாஅத் தலைவரோ, "நாளிக்கி ஜும்மா முடிஞ்சதும் ஒம் மருமவன் வெளக்க நீயே கயட்டிக்கினு போய்டு கமாலு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இந்த வயதில் எனக்கு இது தேவையா? திருப்பி அனுப்புகிறேன், விற்றவன் தலையிலேயே கட்டுங்கள்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும், அசையாதவர்களுக்கும் எரியும் விளக்கும் தரட்டும்.

இப்படிக்கு,
மாமா கமால்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இரவு இஷா தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள், போனேன். தொழுகையில் வழக்கம்போல் இருட்டு. திடீரென்று முதுகுக்குப் பின்னால் ஹவுள் விளக்கு எரிந்தது. எல்லாரும் உள்ளே நிற்கிறோம், அங்கே அசைவது யார்? திரும்பிப் பார்க்கக் கூடாது. விளக்கு அணைந்தது. "நன்னா" என்று தாத்தாவைக் கூப்பிடும் ஒரு குரல். வீட்டிலிருந்து என் பின்னாலேயே வந்துவிட்டாள் ஹஸ்னா. தொழுகையை முறித்து வாசலுக்கு ஓடினேன். ஹவுள் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. ஓர் அடி தப்பினால் தண்ணீர். "நவுராத கண்ணு! கைய மட்டும் ஆட்டு!" என்று கத்தினேன். ஆட்டினாள், எரிந்தது. விளிம்பிலேயே நின்றாள். அள்ளிக்கொண்டேன். என் ஆயுசில் இப்படிப் பயந்ததில்லை.

விளக்கைக் கழற்றக் கூடாது என்று தலைவரே சொல்லிவிட்டார். ஹவுளுக்கு இன்னும் இரண்டு அனுப்புங்கள்.

தூங்கும்முன் ஹஸ்னா சொன்னாள்: "அத்தா அனுப்ன வெளக்கு கீதுல்ல நன்னா, அதுக்குள்ள அத்தா கீறாரு. கையாட்னா என்னெப் பாக்கறாரு." நான் திருத்தவில்லை. உங்களுக்கு லீவு எப்போது மாப்பிள்ளை?