விசில் சார் கோ-கோவை வெளிநாடு கொண்டுபோன கதை

உலகத்தில் யார் எங்கே எப்படி நின்றாலும் அதில் ஒரு ஃபவுல் இருக்கிறது என்பது விசில் சாரின் முடிவான கருத்து.

எங்கள் கோ-கோ லீக்கின் ஆபீஸ் வங்காளத்தில், சால்ட் லேக்கில். அவர் விதிமுறை அதிகாரி, மதுரைக்காரர். நான் விளம்பரப் பிரிவு. அங்கே தமிழ் பேச நாங்கள் இரண்டே பேர். கழுத்து விசிலை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை. லிஃப்ட் வரிசையில் முந்தியதற்காக எங்கள் பெங்காலி மேனேஜரையே ஊதி நிறுத்தியிருக்கிறார். அவரும் பெங்காலியில் அண்ணன் என்கிற மரியாதையோடு "சாரி, தாதா" என்று கடைசிக்குப் போய் நின்றார்.

போன வருஷம் லீக்கை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடிவானது. ஒரு குளிர்தேசத்தில் காட்சி ஆட்டம். கூட்டத்துக்குப் பிடித்தால் அங்கே நான்கு அணிகள். பிடிக்காவிட்டால் திட்டத்தோடு எங்கள் வேலையும் போகும்.

முதல் சிக்கல் முழங்கால். அந்த ஊர் வீரர்களுக்குக் குந்தி உட்கார வரவில்லை. ஸ்டூல் போடலாமா என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

"ஸ்டூல் போட்டா அது கோ-கோ இல்ல தம்பி, டாக்டர் வீட்டு வராந்தா" என்றார் விசில் சார்.

மூன்று வாரம் வீடியோ காலில் பயிற்சி. மாதிரி காட்ட எங்களையும் குந்தவைத்தார். மேனேஜர் திங்கட்கிழமைக் கூட்டத்தைக் குந்தியபடியே நடத்தினார்.

ஆட்டத்துக்கு நாங்களும் போனோம். அரங்கம் நிறைந்தது. துரத்துகிறவர் பின்னாலிருந்து தொட்டு "கோ" என்ற பிறகுதான் உட்கார்ந்திருப்பவர் எழலாம். ஆட்டம் சூடுபிடித்ததும் கூட்டம் "கோ, கோ" என்று கத்தியது. ஆங்கிலத்தில் அது உற்சாகப்படுத்தும் வார்த்தை. உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் ஒன்றாக எழுந்து ஓடினார்கள். விசில் சார் ஊதினார். உட்கார்ந்தார்கள். மறுபடி கத்தல், மறுபடி எட்டுப் பேரும் ஓட்டம்.

விசில் சார் மைக்கை வாங்கினார்.

"ஆடியன்ஸ் ஃபவுல்" என்றார். அரங்கம் அடங்கியது. "நோ கோ. ஒன்லி ஓடு. ரிப்பீட். ஓடு."

கனத்த கோட்டு போட்ட அத்தனை பேரும் மதுரை உச்சரிப்பில் "ஓடு, ஓடு" என்றார்கள். அதன்பிறகு யாரும் தவறாக எழவில்லை.

மறுநாளே அந்த ஊர்க்காரர்களிடமிருந்து நான்கு அணிகளுக்கும் சம்மதம் வந்தது. ஒரே நிபந்தனை, விசில் சார் அங்கேயே வந்து இருக்க வேண்டும்.

வழியனுப்பப் போனபோது தம்தம் விமான நிலையத்தில் கேட்டேன், "குளிர் தாங்குவீங்களா, சார்?"

"அங்க ஒருத்தனுக்கும் இன்னும் குதிகால் தரையில படியல. வேற யாரு பாத்துக்குவா, தம்பி?"

என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை.

ஆபீஸ் இப்போது ரொம்ப அமைதி. எனக்குத்தான் வேலையே ஓடவில்லை.