கிளி போட்ட ஆழாக்கு

"இன்னொரு தடவை முந்திரிப்பழம் வரைஞ்சு கொண்டாந்தே, அந்தக் கையை ஒடிச்சுப்புடுவேன்," என்றார் கர்சன் சேட்.

ஹமாதி தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். மொம்பாசா பழைய நகரத்துப் பெண்கள் கட்டும் காங்காத் துணிகளுக்கு, மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அந்தக் கைதான் படம் வரைகிறது. சுற்றிலும் கரை, நடுவில் ஒரு படம், கீழே ஒரு வரி. படத்தைப் பார்த்துத் துணியைக் கையில் எடுப்பார்கள். வரியைப் படித்துவிட்டுத்தான் வாங்குவார்கள். மாமியாரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததை மருமகள் இடுப்பில் கட்டிக்கொண்டு போவாள்.

"முந்திரி நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு சேட்?"

"போச்சு. இப்ப குடோனை விட்டுப் போக மாட்டேங்குது. அடுத்தது விக்கலேன்னா பம்பாய்க்காரன் ஒருத்தன்கிட்ட வரையச் சொல்லப் போறேன். உனக்கு வேற தொழில் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வீட்டுக்குப் போய் சுத்திமுத்திப் பாரு. சாமான் சட்டியே இல்லாத வீடா? ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கதை இருக்கும்ல, அதை வரை."

கடையின் மூலையில் சேட்டின் அப்பா லால்ஜி சேட் கண்ணில் புரை விழுந்து, ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் காலத்தில் இது பலசரக்குக் கடை. மகன் துணிக்கடையாக்கியதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. "துணி பசியாத்துமா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

ஹமாதி வீட்டுக்குப் போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். அங்கேதான் சனி பிடித்தது.

கூடத்து அலமாரியில் முதலில் கண்ணில் பட்டது பித்தளைக் காப்பிக் கூஜா. மாமியார் பீ ஸலாமா மகள் ஸுஹுராவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. வயிற்றில் பெரிய நசுங்கல். ஸுஹுராவின் பாட்டனார் அதை வீசி ஒரு திருடனை வீழ்த்தினார் என்பது குடும்ப வரலாறு. பெருநாளுக்குப் பெருநாள் மாமியார் அதைச் சொல்வார். திருடன் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டே போனான்.

ஹமாதிக்கு மனம் பொங்கிவிட்டது. நசுங்கல்கூட விடாமல் வரைந்தார். கீழே எழுதினார்: "எங்களிடம் இருப்பதெல்லாம் முன்னோர் தந்தது."

ஸுஹுரா பார்த்துப் பூரித்துப் போனாள். "எங்க வீட்டுக் கூஜாவை ஊரே கட்டப் போவுது! இருங்க, இஞ்சி தட்டிப் போட்டுக் காப்பி தர்றேன்."

ஊரே கட்டியது. மூட்டை பிரித்த வாரத்திலேயே முக்கால்வாசி விற்றது. ஹமாதி தலை நிமிர்ந்து நடந்தார், பீ ருகையா வந்து கதவைத் தட்டும் வரை.

அடுத்த சந்துக்காரி, ஆறடிக்குக் கொஞ்சம் கம்மி. புதுக் காங்காவைக் கட்டியிருந்தாள். உள்ளே வந்ததும் இடுப்புத் துணியை விரித்துப் பிடித்து, கூஜாவின் நசுங்கல் மேல் விரலை வைத்தாள்.

"இது என்ன தெரியுமா?"

"திருடன் மண்டை பட்ட இடம்."

"என் புருசன் மண்டை பட்ட இடம்! வீசினது நானு! இந்தக் கூஜா உங்க மூத்த மச்சினிச்சி கல்யாணத்துக்கு எங்க வீட்டிலேருந்து இரவல் போனது. கல்யாணம் பண்ணினவ பேரன் எடுத்துட்டா, கூஜா இன்னும் வரல. இதுல முன்னோர் தந்ததுன்னு எழுத்து வேற!"

ஹமாதி அலமாரியைத் திறந்து கூஜாவை எடுத்துக் கொடுத்தார். நியாயமான மனிதன் வேறு என்ன செய்வான்? ஆனால் அதுதான் தப்பாகப் போயிற்று.

சாயங்காலமே பீ ஸலாமா மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஏன் மாப்பிள்ளை, நான் திருடின்னு நீங்களே ஊருக்குச் சொல்லிட்டீங்களா?"

"நான் எங்க மாமி சொன்னேன்? அவங்க சாமான், அவங்ககிட்டக் கொடுத்தேன்."

"கொடுத்தா ஒத்துக்கிட்டதாத்தானே அர்த்தம்? கல்யாண வீட்டுல ஆயிரம் சாமான் வரும் போவும். அதுல கை தவறி ஒண்ணு ரெண்டு தங்கும். அதுக்குப் பேரு திருட்டா?"

"அதை ஏன் திருப்பிக் கொடுத்தீங்க?" என்றாள் ஸுஹுரா. அன்று காப்பியில் இஞ்சி இல்லை.

மானத்தை மீட்க வேண்டியதாயிற்று. மாமியாரே யோசனை சொன்னார்: சுவரில் மாட்டியிருக்கும் பெரிய தாம்பாளத்தை வரையுங்கள், வரியை நான் சொல்கிறேன். "நிலாவுக்கும் களங்கம் உண்டு, எங்களுக்கு இல்லை."

தாம்பாளத்தின் விளிம்பில் ஒரு ஓட்டை. வட்டத்துக்கு ஓர் அழகு இருக்கட்டும் என்று ஹமாதி அதைச் சிறு நட்சத்திரமாக்கி வரைந்தார். ஆலையிலிருந்து துணி வந்தது. வந்த வேகத்தில் தையல்காரர் ஃபூமோ, மனைவி, மூன்று மகள்கள், ஒரு சம்பந்தி என்று குடும்பத்தோடு வந்தார். பெண்கள் அத்தனை பேரும் தாம்பாளத்தைக் கட்டியிருந்தார்கள்.

"உள்ள வரலாமா ஹமாதி அண்ணே?" ஃபூமோ மரியாதையான மனிதர். "அந்த ஓட்டையைச் சின்ன வயசுல ஆணி வச்சு அடிச்சவன் நான்தான். எங்கப்பா என் முதுகுல அடிச்ச அடி இன்னும் இருக்கு. சட்டையைக் கழட்டட்டுமா?"

"வேணாம் தம்பி."

"தாம்பாளத்தையாவது கழட்டுங்க."

கழற்றினார். சுவரில் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம் விழுந்தது. நிலா மாதிரியே இருந்தது. களங்கமில்லாத நிலா.

கர்சன் சேட்டுக்கு மட்டும் ஒரே குஷி. "சண்டை நடந்தா துணி விக்கும் ஹமாதி. அடுத்தது என்ன?"

"அடுத்தது வேணாம் சேட். ஊரைச் சமாதானம் பண்ற மாதிரி ஒண்ணு வரைஞ்சு நிறுத்திக்கிறேன்."

இந்த முறை சாமானே வேண்டாம் என்று ஹமாதி முடிவு செய்தார். படம் ஒரு தொட்டாற்சுருங்கிப் பூ. அதைப் பார்த்து யார் உரிமை கொண்டாட முடியும்? கீழே, பொறுமையாக இருப்பவர்களுக்கு ஆறுதலாக, பள்ளிவாசல் பிரசங்கம் போல ஒரு வரி: "தேடியவர்க்குக் கிடைக்கும்."

அதை யாரும் பிரசங்கமாக எடுத்துக்கொள்ளவில்லை. அறிவிப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஹமாதி வந்தபோது வாசலில் செருப்புக் குவியல். உள்ளே தெருப் பெண்கள் எல்லாரும் அலமாரியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் பன்னீர்ச் செம்பு எங்களுது."

"கரண்டியைப் பாரு, காம்புல எங்கம்மா நூல் கட்டி வச்சிருந்தா. நூலே இருக்குடி!"

"தேங்காய் துருவற பலகை யாருது?"

"அது அவங்களுதுதான் போலிருக்கு, விட்டுரு."

"அவங்களுதா? ஆச்சரியமா இருக்கே!"

எல்லாரும் போன பிறகு கூடத்தில் பேசினால் எதிரொலித்தது. தேங்காய் துருவும் பலகை மேல் உட்கார்ந்து ஸுஹுரா அழுதாள். ஹமாதி தட்டிக்கொடுத்திருக்க வேண்டும். அதற்குப் பதில் வாயைத் திறந்தார்.

"பொண்ணு பார்க்க வந்தப்ப உங்க வீட்டுப் பித்தளையைப் பார்த்து நான் எப்படி மலைச்சுப்போனேன் தெரியுமா? அதெல்லாம் ஊரான் வீட்டுப் பித்தளை!"

"எங்கம்மா வேணும்னு பண்ணலீங்க."

"எங்கம்மாவும்தான் குடும்பம் நடத்தினா. ஒரு கல் உப்பு கடன் வாங்கினாலும் மறுநாள் ரெண்டு கல்லாத் திருப்புவா. அந்த வயித்துல பொறந்தவன் நான். அதோ பாரு!"

அடுப்படி மாடத்தில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு பித்தளைச் சாமான்: அவர் அம்மாவின் ஆழாக்கு. வயிற்றில் ஒரு சின்னக் கிளி வெட்டியிருக்கும். நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள், வாசலில் நிற்கிற ஏழைகளுக்கு அம்மா அதில்தான் அரிசி அளந்து போடுவாள். தலை தட்டி அளக்க மாட்டாள். கோபுரமாகக் குவித்துப் போடுவாள். பக்கத்தில் நின்று கிளியைத் தடவிக்கொண்டிருந்த பையனுக்கு, அம்மா முகத்தைவிட அந்தக் கிளிதான் இப்போது நன்றாக நினைவிருக்கிறது.

"அதை யாராவது வந்து என்னுதுன்னு சொன்னாங்களா? சொல்ல முடியுமா? உங்க குடும்பத்துக்கும் எங்க குடும்பத்துக்கும் அதுதான் வித்தியாசம்."

ஸுஹுரா நிமிர்ந்தாள். ஆழாக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவள், படியில் நின்று திரும்பினாள்.

"நான் அம்மா வீட்டுக்குப் போறேன். நீங்க என்ன வேணா வரைங்க. அந்த ஆழாக்கை மட்டும் வரையாதீங்க."

"ஏன், உங்கம்மாவுக்கு எரியுமோ?"

அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை ஹமாதி எதிரிக்கும் விரும்ப மாட்டார். சோறு குழைந்தது; மறுநாள் தீய்ந்தது. தெருவில் போனால் பேச்சு நின்றது. மாமியாருக்கும் பீ ருகையாவுக்கும் நாற்பது வருடச் சிநேகிதம் முறிந்து, எதிரெதிரே வந்தால் ஒருத்தி சந்து மாறினாள். கூஜா திரும்பி வந்த பிறகு அதில் காப்பி போட்டால் கூட உட்கார்ந்து குடிக்க ஆளில்லை என்று பீ ருகையா சொன்னதாகக் கேள்வி. உண்மையைச் சொன்னால் ஸுஹுரா இல்லாத வீட்டில் ஹமாதிக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் போய்க் கூப்பிடுவதற்கும் கால் வரவில்லை. குற்றம் யார் பக்கம்? அவர்கள்தான் வர வேண்டும்.

"தொட்டாற்சுருங்கி சுருங்கிப்போச்சு," என்று சேட் ஆள் அனுப்பினார். "பம்பாய்க்காரனுக்குத் தந்தி அடிக்கட்டுமா?"

அன்று ஹமாதி ஆழாக்கை இறக்கி முன்னால் வைத்துக்கொண்டார். வரையாதே என்றாள் அல்லவா? அதற்காகவே வரைவேன். ஆனால் பென்சிலை எடுத்த பிறகு வீம்பு எங்கோ போய்விட்டது. கிளியின் வளைந்த மூக்கு, இறக்கையில் மூன்று கீறல், அம்மாவின் விரல் பட்டுத் தேய்ந்த விளிம்பு. கண்ணைத் துடைத்துத் துடைத்து வரைந்தார். அவர் வாழ்நாளில் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான். கீழே எழுதினார்: "அளந்து கொடுத்த கை தலை குனிய விடாது."

துணி வந்ததும் முதல் ஜோடியை மாமியார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். கொண்டுபோன ஆள் திரும்பி வந்தான்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. விரிச்சுப் பார்த்தாங்க. அழுதாங்க."

சரிதான், புத்தி வந்துவிட்டது. இன்னும் ரெண்டு நாளில் தானாக வந்துவிடுவாள். ஹமாதி வெள்ளை அங்கியைத் தேய்த்துப் போட்டு, தொப்பியை நேராக வைத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கடையில் நிற்க இடமில்லை. பீ ருகையா ஒரு பக்கம், ஃபூமோவின் மகள்கள் ஒரு பக்கம், எல்லார் கையிலும் கிளி.

"வா ஹமாதி வா!" சேட் கல்லாவிலிருந்து எழுந்தே வந்தார். "பம்பாய்க்காரன் ஒழிஞ்சான்!"

"இதாவது உங்க வீட்டுச் சாமானா, இல்ல…?" என்று பீ ருகையா இழுத்தாள்.

"எங்கம்மா சாமான்," என்றார் ஹமாதி உரக்க. "எங்கம்மா யாருகிட்டயும் எதையும் இரவல் வாங்கினதில்ல."

மூலையில் ஜபமாலை நின்றது. லால்ஜி சேட் கண் அறுவை முடிந்து, புதுக் கண்ணாடியோடு உலகத்தைத் திரும்பப் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம் அது. ஒரு துணியை மடியில் இழுத்து, மூக்கில் ஒட்டப் பிடித்தார். இறக்கையில் மூன்று கீறல்களை விரலால் எண்ணினார்.

"ஏ! இது நம்ம கிளிடா!"

"என்னப்பா?" என்றார் கர்சன் சேட்.

"என் கடை ஆழாக்குடா இது! பலசரக்குக் கடைப் படி, ஆழாக்கு எல்லாத்துலயும் கிளி வெட்டச் சொன்னவனே நான்தான், எவனும் மாத்திடக் கூடாதுன்னு." ஹமாதியை ஏற இறங்கப் பார்த்தார். "நீ மீன்சந்தை ஆயிஷா மகன்ல? ஒரு நோன்பு மாசம் உங்கம்மா வந்து, தருமம் அளக்கணும், பெருநாள் முடிஞ்சதும் தர்றேன்னு இரவல் வாங்கிட்டுப் போனா. பெருநாள் எத்தனை வந்து போச்சு!"

பீ ருகையா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. ஹமாதி துணிக் கட்டுகளைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். ஊர் முழுக்க அம்மாவை அவரே அச்சடித்து விற்றுவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. மாமியாரைச் சொன்ன சொல், படியில் நின்ற ஸுஹுராவைப் பார்த்துச் சொன்ன சொல், எல்லாம் வரிசையாகத் திரும்பி வந்தன.

நகர்ந்து போய்க் கிழவரின் காலைத் தொட்டார்.

"பெரியவரே, ஆழாக்கை இப்பவே கொண்டாந்து தந்துடறேன். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், என் சம்சாரத்துக்கு மட்டும் இது தெரிய வேணாம். அவ முகத்துல நான் முழிக்க முடியாது."

லால்ஜி சேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கிளியைக் கண்ட சந்தோசத்துல வாய் தவறிட்டேன். அவளுக்கா தெரியாது? கல்யாணம் ஆன புதுசுல, அரிசி வாங்க வந்தவ நம்ம படியில கிளியைப் பார்த்துட்டு, மறுநாளே அந்த ஆழாக்கை அங்கிக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வந்து, 'என் வீட்டுக்காரருக்கு அவங்கம்மான்னா உசுரு, இது அவர் காதுக்குப் போகவே கூடாது'ன்னு அழுதா. நான்தான், 'அப்ப நீயே வச்சுக்க தாயி'ன்னு திருப்பி அனுப்பினேன்."