ஓர் அணி, இரண்டு மைதானம், ஏழரை மணி

எதையும் எண்ணிச் சரிபார்க்கிற ஆளிடம் ஒரு வேலையை நம்பிக் கொடுக்கலாம் என்று உலகம் நினைக்கிறது. அது தவறு. நானே சாட்சி.

புதுச்சேரியில் சம்பளத்துக்கு ஆடும் கால்பந்து லீக் ஒன்றின் அட்டவணை, கணக்கு வாத்தியாராக ஓய்வு பெற்ற என் கைக்கு வந்தது. சீசன் முடியும் தறுவாயில் உள்ளூர் டிவிக்காரர்கள், ஊரே டிவி முன்னால் உட்காரும் ஞாயிறு இரவு ஏழரைக்கு ஒரு சூடான ஆட்டம் கேட்டார்கள். மூலக்குளம் மைதானத்து வெள்ளிக்கிழமை ஆட்டத்தைத் தூக்கி அந்த நேரத்தில் வைத்தேன். பிறகு அது வேண்டாம், சாரம் மைதானத்தில் ஞாயிறு நாலு மணிக்கு நடப்பதுதான் சூடு என்றார்கள். அதையும் தூக்கி ஏழரைக்கு வைத்தேன். (முதலாவதைத் திருப்பி வைக்க மறந்தேன். மைதானத்து விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.)

மாற்றிய அட்டவணையைச் சனிக்கிழமைதான் ஒட்டினோம். சாயங்காலமே மாப்பிள்ளை வந்து நின்றார். அவர் ஒரு அணிக்குக் கோச். கோப்பை வராவிட்டால் வேலை போய்விடும் என்று அணியின் முதலாளி எச்சரித்திருந்தார்.

"மாமா, நாளைக்கு ஏழரைக்கு நான் எங்க ஆடறேன்?"

"சாரத்துல, மாப்ள. டிவியில காட்றாங்க."

"மூலக்குளத்துல?"

"அங்கயும் நீங்கதான்," என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

டிவிக்காரர்கள் விளம்பரம் வாங்கிவிட்டார்கள். மூலக்குளத்து எதிரணியோ, ஒட்டின நேரத்தில் வராவிட்டால் வெற்றி தங்களுக்கே என்றது. விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். ஓர் அணியில் ஏழு பேர் இருந்தாலே ஆட்டம் செல்லும்.

"மாப்ள, மொத்தம் எத்தினி பேரு?"

"பதினெட்டு."

"பதினொண்ணும் ஏழும் பதினெட்டு." (மிச்சமில்லாமல் வந்ததில் எனக்குச் சற்றுப் பெருமைகூட.)

மகள் செல்வி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

இரண்டில் ஒன்றை வென்றாலும் கோப்பை. நல்ல பதினொரு பேர் சாரத்துக்கு, மீதி ஏழு பேர் மூலக்குளத்துக்கு.

சாரத்தில் பதினொருவரும் கேமராவைப் பார்த்தே ஆடி நான்கு கோல் வாங்கினார்கள். முதலாளி இடைவேளையிலேயே வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி போன் போட்டு, மாப்பிள்ளையை நாளை முதல் வர வேண்டாம் என்றார். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை.

மூலக்குளத்தில், ஏழு பேர்தானே என்று எதிரணியில் ஆளாளுக்குக் கோல் போட ஆசைப்பட்டு ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். கடைசியில் அவர்களுடைய கோல்கீப்பரும் ஆசைப்பட்டு முன்னால் ஓடினார். எங்கள் ஆள் ஒருவர் பயந்து உதைத்த பந்து, காலிக் கோலுக்குள் உருண்டு போய் நின்றது.

அந்த ஒரே கோலில் கோப்பை எங்களுக்கு. அதைப் பார்த்தவர் ஒரு சுண்டல்காரர் மட்டும். முதலாளி நம்பவில்லை, தோற்றதைத்தான் டிவியில் கண்ணால் பார்த்தாரே. மறுநாள் கோப்பையை அவர் மடியில் வைத்த பிறகுதான் மாப்பிள்ளைக்கு வேலை திரும்பியது.

அட்டவணையை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். வீட்டில்தான் அந்தக் கதையை விடுவதாயில்லை. போன வாரம் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணப் பத்திரிகைகள் வந்தன. எதற்குப் போவது என்று கேட்டேன்.

மாப்பிள்ளை தட்டிலிருந்து நிமிராமலே சொன்னார்: "பிரிச்சு அனுப்ப முடியாது மாமா. ஏழு பேராவது வேணும், வீட்ல ஆறு பேருதான் இருக்கோம்."