பதினெட்டு ஆடுகளுக்குக் காய்ச்சல்

படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தெரியாது என்று சொல்ல வாய் வராது. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் படித்ததில்லை என்பதால் அந்தப் பழக்கமும் இல்லாமல் இருந்தது. பட்டத்தோடு சேர்த்து அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான்தான்.

சங்ககிரியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் உள்ளே போனால் எங்கள் ஊர். அப்பா லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அம்மா செம்மறி வளர்க்கிறாள். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த அந்த மாதத்தில் பட்டியில் பதினாலு ஆடுகள் இருந்தன. எல்லாம் ஒரே செம்பழுப்பு. அம்மாவுக்கு ஒவ்வொன்றின் குணமும் தெரியும். எனக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியும். (அன்றைக்குப் பின்பக்கம்தான் தேவைப்பட்டது. சொல்கிறேன்.)

ஒரு நாள் காலையில் ஒரு பெட்டை ஆடு எழுந்திருக்கவில்லை. நிறைசினை. பத்து நாளில் குட்டி போட வேண்டியது. கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு, யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காதது போலக் கிடந்தது. அம்மா கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். டாக்டர் வேறு ஊரில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கிறார், ஒரு ஆடுதானே, நாளைக்குக் காலையில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது.

“நாளைக்கு வரைக்கும் தாங்காது சாமி. வயிறப் பாத்தா ரெட்டைக் குட்டியாட்டத் தெரியுது. மூணும் போயிரும்,” என்றாள் அம்மா. அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா, இஞ்சியும் வெல்லமும் கரைத்து மூங்கில் குழாயால் ஆட்டின் வாயில் ஊற்றலாம் என்றார். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

“என்ன நோய்னே தெரியாம எதும் குடுக்கக் கூடாதுங்க்கா. மொதல்ல டெஸ்ட் பண்ணணும்.”

“என்ன டெஸ்ட்டு சாமி?”

அது எனக்கும் தெரியாது. ஆனால் கொரோனா சமயத்தில் வாங்கிய தெர்மாமீட்டர் அலமாரியில் இருந்தது. எடுத்து வந்து நாக்குக்கு அடியில் வைக்கப் போனேன். ஆடு வாயைத் திறக்கவில்லை. செல்போனில் தேடினால், யாரோ ஒருவர் எனக்குப் புரியாத மொழியில் பேசிக்கொண்டே ஆட்டின் வாலைத் தூக்கினார். மொழி புரியாவிட்டாலும் இடம் புரிந்தது. (அந்தத் தெர்மாமீட்டரை அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைக்கவில்லை என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.)

பீப் என்றது. தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு.

என் பள்ளிப் புத்தகத்தில் இருந்த அதே எண். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“காய்ச்சலே இல்லம்மா. கரெக்டா நார்மல். சும்மா சோம்பேறித்தனமாப் படுத்திருக்குது.”

“சோம்பேறித்தனமா? அதென்ன ஆபீசுக்கா போவுது? காது சில்லுனு கெடக்குது, தொட்டுப் பாரு.”

“காய்ச்சல் இல்லைனா காது சில்லுனுதாம்மா இருக்கும்.”

அம்மா நம்பவில்லை. சரி, நல்ல ஆடு ஒன்றை அளந்து காட்டினால் நம்புவாள் என்று, ஆமணக்குச் செடியை எட்டிக் கடித்துக்கொண்டிருந்த ஒரு கிடாயைப் பிடித்தேன். நூற்றிரண்டு புள்ளி ஆறு. தெர்மாமீட்டரைத் துடைத்துவிட்டு இன்னொன்றை அளந்தேன். நூற்று மூன்று. அடுத்தது, அதற்கடுத்தது. பதின்மூன்று ஆடுகளுக்கும் நெருப்பாகக் காய்ச்சல். ஓடிப்போய்ப் பாப்பாத்தி அக்காவின் ஐந்து ஆடுகளையும் அளந்தேன். அவற்றுக்கும் காய்ச்சல்.

அங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. துள்ளுகிற ஆடுகளுக்குக் காய்ச்சல், விழுந்து கிடக்கிற ஆட்டுக்குக் காய்ச்சல் இல்லை. எப்படி யோசித்தாலும் கணக்கு உதைத்தது. ‘எனக்குப் புரியவில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கண்டுபிடித்தது இது: ஊருக்குள் கொள்ளைநோய் நுழைந்துவிட்டது. படுத்திருக்கும் ஆட்டுக்கு அது முதலில் வந்து, சரியாகி, இப்போது அசதியில் ஓய்வெடுக்கிறது. மற்றவற்றுக்கு இனிமேல்தான் ஆபத்து.

பாப்பாத்தி அக்கா என்னை வியந்து பார்த்தார். அம்மாவும் கொஞ்சம் தடுமாறிவிட்டாள். மகளைப் படிக்க வைத்தவள் மகள் சொல்வதை எத்தனை நேரம்தான் மறுப்பாள்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் செய்தவை எல்லாம் மின்னல் வேகம். ஊர் வாட்ஸ்அப் குழுவில், யாரும் ஆடுகளை வெளியே விட வேண்டாம் என்று குரல் செய்தி போட்டேன். ‘நோயில்லாத’ அந்த ஒரே ஆட்டுக்கு மறுபடி தொற்றிவிடக் கூடாது என்று, அதைச் சாக்கில் கிடத்தி, நானும் அம்மாவுமாகக் கொல்லையின் கடைசியில் இருந்த வேப்ப மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனோம். பிறகு கால்நடை ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

“பதினெட்டு ஆட்டுக்குக் காய்ச்சலுங்க. நூத்தி மூணு வரைக்கும் போவுது.”

எதிர்முனையில் ஒரு பெண் கேட்டார். “செத்தது எத்தனைம்மா?”

“இன்னும் இல்லீங்க.”

“தீவனம் தின்னுதுங்களா?”

“நல்லா தின்னுதுங்க.”

“தண்ணி?”

“அதும் குடிக்குதுங்க.”

“தின்னுது, குடிக்குது,” என்று எழுதிக்கொண்டே திருப்பிச் சொன்னார். அவரும் என்னைப் போலக் குழம்பியிருக்க வேண்டும். “வண்டி அனுப்பறோம்,” என்றார் கடைசியில்.

வண்டி வருவதற்குள் ஊரில் இருந்த பட்டி அத்தனையும் பசியில் கத்தத் தொடங்கியிருந்தது. வேப்ப மரத்தடியில் மட்டும் சத்தமில்லை. அந்த ஆட்டின் வயிறு உப்பிக்கொண்டே வந்தது. அம்மா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “எந்திரி சாமி, ஒருக்கா எந்திரி,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கையுறை, முகமூடி, பெரிய மருந்துப் பெட்டியோடு இறங்கிய டாக்டரம்மாவுக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். பாதி ஊர் கூடியிருந்தது. நான் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதிவைத்திருந்த பட்டியலை நீட்டினேன். ஆட்டின் அடையாளம், நேரம், வெப்பநிலை. அவர் மேலிருந்து கீழே படித்தார். முகமூடியைக் கழற்றினார்.

“ஆட்டுக்கு இருக்க வேண்டியதே நூத்தி ரெண்டு, நூத்தி மூணுதாம்மா.”

அவர் விரல் பட்டியலின் ஓரத்தில் நின்றது.

“இந்தத் தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு எங்க?”

“அது நல்லா இருக்குங்க டாக்டர்.”

“எங்க இருக்குதும்மா?”

கை காட்டினேன். அவர் ஓடினார். பெட்டியோடு உதவியாளர் ஓடினார். பின்னால் ஊரே ஓடியது.

சினை முற்றும்போது குட்டிகள் தாயின் சுண்ணாம்புச் சத்தை எல்லாம் இழுத்துவிடுமாம். உடம்பு குளிர்ந்து, அப்படியே அடங்கிவிடுமாம். டாக்டர் ஒரு கையால் ஆட்டின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை அழுத்திக்கொண்டு, கழுத்து நரம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார். புட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தது நான். கை கடுத்தது. மாற்றிப் பிடிக்கவில்லை. அன்றைக்கு நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

முதலில் ஆட்டுக்கு உடம்பு நடுங்கியது. பிறகு, விருந்து சாப்பிட்ட பெரிய மனிதரைப் போல நீளமாக ஒரு ஏப்பம் விட்டது. புழுக்கை போட்டது. அரை மணி நேரம் போல ஆகியிருக்கும், முன்னங்காலை ஊன்றி, தள்ளாடி, எழுந்து நின்றது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“நாளைக்கு வந்திருந்தா தாயுமில்ல, குட்டியுமில்ல,” என்றார் டாக்டர்.

அம்மா முந்தானையை விலக்கினாள். “ஏனுங்க டாக்டரு, ஒரு ஆட்டுக்கு முடியலைனு சொல்லியிருந்தா இன்னிக்கு வந்திருப்பீங்களா?”

டாக்டர் சிரித்துக்கொண்டே ஊசியைத் துடைத்தார். “இருக்கறது ஒரு வண்டிங்கம்மா. பதினெட்டுன்னதுல பயந்துட்டு மொதல்ல இங்க வந்தோம்.”

கூட்டம் கலைந்தது. போகிற வழியில், “படிச்ச புள்ளைனா படிச்ச புள்ளதான்,” என்று யாரோ சொன்னார்கள். அது பாராட்டா இல்லையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஒன்பதாம் நாள் ஆடு இரண்டு குட்டி போட்டது.

என் மானம் போனதோடு அந்தக் கதை முடிந்திருக்கும். ஆனால் அம்மா அதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொண்டாள், அதை அப்பாவுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டாள். இப்போது எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் வரத் தாமதமானால், “ஊருக்கே காய்ச்சல்னு சொல்லு சாமி,” என்கிறார் அப்பா. கரண்ட் போனால் அதே வசனம். கல்யாணத் தரகர் வந்தபோதும் அப்பா அம்மாவிடம், “ஒரு எடந்தான் பாத்திருக்கம்னு சொல்லாத, பதினெட்டுன்னு சொல்லு,” என்றார்.

நான் இப்போது சேலத்தில் வேலையில் இருக்கிறேன். போன மாதம் சேர்ந்தாற்போல நாலு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போக முடியவில்லை. அம்மா போன் செய்தாள். பேச்சுக்கு, ஆடுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டேன்.

“பதினெட்டுக்கும் காய்ச்சல் சாமி,” என்றாள்.

இப்போது பட்டியில் இருப்பதே ஒன்பது ஆடுகள்தான். மத்தியான பஸ்ஸைப் பிடித்தேன்.