சோறு உண்ணாத மென்பொருள்

அரைகுறையாக ஆங்கிலம் தெரிந்தவனுக்கு, ஆங்கிலத்தில் அச்சடித்த எதைப் பார்த்தாலும் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொச்சியில் ஓட்டல், மும்பையில் பெயிண்ட், மஸ்கட்டில் லாரி என்று சுற்றிவிட்டு, முதுகு நொந்து வீடு திரும்பியிருந்தேன். (மஸ்கட்டில் ஒரு கோடை முழுக்கச் சம்பளம் வரவில்லை. அது வேறு கதை, அதில் சிரிக்க ஒன்றுமில்லை.)

என் மனைவி ஷீபாவின் தம்பி ஜெபின் தக்கலையில் சின்னதாக மென்பொருள் கம்பெனி நடத்துகிறான். "அத்தான், ஒங்களுக்கு லாரிக்காரன் பாடு தெரியும். கடியப்பட்டணத்துல ஒரு மீன் மொதலாளி வண்டிகளுக்கு ஆப் கேக்காரு. அதுல என்னெல்லாம் வேணும்னு ஏஐகிட்ட தமிழ்லயே பேசி பிராம்ப்ட் குடுங்க. அதுவே இங்கிலீஷ்ல எழுதித் தரும்" என்றான். இது ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம். வீட்டில் தூங்கி எழுந்து போகிற முதல் வேலை.

முடியாவிட்டால்? அதற்காக, ஷீபாவுக்குத் தெரியாமல் பாஸ்போர்ட்டை வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜெண்டிடம் கொடுத்து வைத்திருந்தேன்.

காலையில் அடுக்களையில் உட்கார்ந்து போனில் பேசத் தொடங்கினேன். "டிரைவர் கெளம்பினா மொதலாளிக்குத் தெரியணும். களியக்காவிளை செக்போஸ்ட்ல வண்டி நின்னா தெரியணும்..." அந்த நேரம் பார்த்து ஷீபா வந்தாள். (ஏஜெண்டின் மனைவியும் அவளும் ஒரே மாதா கோயிலில் பாடுகிறவர்கள். பாஸ்போர்ட் விஷயம் அவள் காதுக்கு வந்துவிட்டது.)

"மறுபடியும் போறியளா? இனி நான் சோறு உண்ண மாட்டேன், பாத்துக்கிடுங்க!" என்று ஆரம்பித்தவள், கல்யாணம் முடிந்த நாளிலிருந்து நான் செய்த எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். போனை அணைக்க எனக்குத் தோன்றவில்லை. அது பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு பக்கம் பக்கமாக ஆங்கிலம் வந்தது. தலைப்பு, கட்டம், வரிசை எண் எல்லாம் இருந்தன. படிக்காமலே அனுப்பினேன். அத்தான் மேல் உள்ள மரியாதையில் ஜெபினும் படிக்காமலே அச்செடுத்தான்.

மறுநாள் முதலாளியின் மீன் கொட்டகையில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே, அச்செடுத்ததைப் பார்த்து ஜெபின் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான்.

"கெளம்பும்போ எங்க போறான்னு டிரைவர் சொல்லணும்." முதலாளி தலையாட்டினார்.

"சோறு வைக்கதுக்கு முன்ன, வருவானா மாட்டானான்னு சொல்லணும்." அதற்கும் தலையாட்டினார்.

"காய்ச்சல மறைக்கப்பிடாது." ஜெபினின் குரல் இறங்கியது. "கோயில்ல மகளுக்க புதுநன்மைப் பூசைக்கு டிரைவர் வரல்லன்னா, அது மிகக் கடுமையான பிழை."

"அது யாருக்க மக?" என்றார் முதலாளி.

ஜெபின் என்னைப் பார்த்தான். அக்காளின் குரல் அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "டிரைவர் பாஸ்போர்ட்ட ஏஜெண்டுகிட்ட குடுத்தா, சிஸ்டம் சோறு உண்ணாது."

அவள் என்னைத் திட்டிய இடமெல்லாம் டிரைவர். 'நான்' என்று சொன்ன இடமெல்லாம் சிஸ்டம். ஏஐ அப்படித்தான் பிரித்து எடுத்திருந்தது. பக்கத்துப் பெட்டிக்குள் ஏறிப் படுத்து மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். நெத்திலி நிறைந்திருந்தது.

முதலாளி சிரிக்கவில்லை. "ஏலே மக்கா, சிஸ்டம் நேத்து சாப்பிட்டுதா?"

"இல்லண்ணே."

"இன்னைக்கு?"

"இல்ல."

"பொறவு இங்க எதுக்குல நிக்க? போய் பாஸ்போர்ட்ட வாங்கு, ஆப்ப பொறவு பாப்போம்." வாசல் வரை போன பிறகு கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தச் சோத்துக் காரியத்த மட்டும் வெட்டிராத. எனக்க டிரைவர்மாருக்க வீட்டுலயும் இதுதான் சண்ட."

பாஸ்போர்ட்டை வாங்கி வந்து ஷீபாவின் கையில் கொடுத்தேன். அவள் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

ஆப் தயாரானது, வேலையும் நிலைத்தது. சாப்பாட்டுக்கு வருவதை வீட்டுக்குச் சொல்ல அதில் தனியாக ஒரு பட்டன் உண்டு. ஜெபின் விஷயத்தைச் சொந்தக்காரர்களிடம் பரப்பிவிட்டான். இப்போது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "சிஸ்டம் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டபடிதான் பந்தியில் ஷீபாவுக்கு இலை போடுகிறார்கள். அவள் முறைப்பாள். ஆனால் நான் வந்து பக்கத்தில் உட்காரும்வரை இலையில் கை வைப்பதில்லை.